எலும்போடு உறவாடும் பீங்கான்

உடைந்த எலும்புக்கும் தேய்ந்த மூட்டுக்கும் மருத்துவம் இன்று நாடுவது, சூளையில் சுட்டெடுத்த செராமிக்கை. சில செராமிக் மூட்டில் வழுக்கி ஓடுகிறது. சில எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. இன்னும் சில, எலும்பு வளர வளரக் கரைந்து இடத்தைக் காலி செய்கிறது.

1969ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கெயின்ஸ்வில் நகரம். ஆறு வாரங்களுக்கு முன் எலிகளின் தொடை எலும்பில் பதித்த, செராமிக் குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகளை வெளியே எடுத்துப் பரிசோதிக்க முனைந்தார் எலும்பு அறுவை மருத்துவர் டெட் கிரீன்லீ. துண்டுகள் வரவில்லை. தள்ளிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், தட்டியும் பார்த்தார். அசையவே இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பதித்திருந்த வேறு பொருளாலான துண்டுகளோ சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன.

அந்தக் கண்ணாடியை வார்த்தவர் ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி ஹென்ச். மருத்துவத்துக்கும் அவருக்கும் அதுவரை தொடர்பில்லை. கதிர்வீச்சைத் தாங்கும் கண்ணாடிப் பொருட்களை ஆராய்வதே அவர் வேலை. 1967இல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த ராணுவப் பொருளறிவியல் மாநாடு ஒன்றுக்குப் பேருந்தில் போனபோது, பக்கத்து இருக்கையில் வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த ராணுவ மருத்துவப் பிரிவின் கர்னல் கிளிங்கர் உட்கார்ந்திருந்தார். ஹென்ச் தன் ஆராய்ச்சியை விளக்கியதும், கதிர்வீச்சையே தாங்கும் பொருளைச் செய்ய முடியுமென்றால், மனித உடம்புக்குள் தாங்கும் பொருளைச் செய்ய முடியாதா என்று கேட்டார் கர்னல். போர்முனையில் கை கால்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்ததைப் பார்த்து வந்தவரின் கேள்வி அது. உடம்பில் வைக்கும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஏற்காததே பெரிய தடை என்று அவர் சொன்னார்.

இரண்டே ஆண்டுகளில் ஹென்ச் கொடுத்த பதில்தான் எலியின் எலும்பை விட்டு வர மறுத்த அந்தக் கண்ணாடி. உடம்புக்குள் வைக்கும் செயற்கைப் பொருள் எதுவும் உயிருள்ள எலும்போடு இரசாயனப் பிணைப்பு கொள்ளாது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. அது அன்றோடு உடைந்தது.

எலும்பின் இரண்டு பகுதிகள்

கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டால், அது ஒடியாமல் வளையத் தொடங்கும். அதே எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால், வடிவம் மாறாமல் வெளுத்துப்போய், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். முதல் சோதனையில் அமிலம் எலும்பின் தாதுப் பகுதியைக் கரைத்துவிட, கொலாஜன் என்ற புரத இழைகள் மட்டும் மிஞ்சுகின்றன. இரண்டாவதில் இழைகள் எரிந்துபோகத் தாது மிஞ்சுகிறது.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்தத் தாதுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் குடும்பத்தைச் சேர்ந்தது அது. இதே சேர்மத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து உலையில் சுட்டால் கிடைப்பது அசல் செராமிக். எலும்பை ஈடுகட்டச் செராமிக்கைத் தேடியவர்கள், எலும்பின் பெரும்பகுதியோடு உறவுள்ள பொருளைத்தான் தேடியிருக்கிறார்கள்.

ஆனால் எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரிக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. இந்த ஓட்டத்துக்கு நடுவே அந்நியப் பொருளொன்றை வைத்தால், உடம்பு பொதுவாக அதைச் சுற்றி நார்த்திசு உறை ஒன்றைப் பின்னி ஒதுக்கிவைக்கும். உறை தடித்தால் உள்ளிருக்கும் பொருள் ஆட்டம் காணும். மருத்துவச் செராமிக்கின் வரலாறு முழுவதும் இந்த ஒதுக்கலை எப்படிச் சமாளிப்பது என்பதைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. இடத்துக்கு இடம் தேவையும் வேறு. மூட்டில் வழுக்க வேண்டும், பொருள் எலும்பைத் தொடும் பரப்பில் ஒட்ட வேண்டும், எலும்பு இழந்த பள்ளத்தில் கரைய வேண்டும். ஒரே செராமிக் இந்த மூன்றையும் செய்வதில்லை.

வழுக்க வேண்டிய இடம்

இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. தேய்ந்துபோன பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கும் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனை மருத்துவர் ஜான் சார்ன்லி. 1962இல் உலோகப் பந்தும் அடர்பாலிஎத்திலீன் கிண்ணமும் கொண்ட மூட்டை அவர் பொருத்தத் தொடங்கினார். வலியால் முடங்கிக்கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

ஆண்டுகள் போகப்போகச் சிக்கல் தெரிந்தது. நடக்கும் ஒவ்வொரு அடியிலும் கடினமான பந்து, மென்மையான பிளாஸ்டிக்கைத் தேய்க்கிறது. பழைய வகை பிளாஸ்டிக் கிண்ணம் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேயும். தேய்மானத்தில் உதிரும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை உடம்பின் துப்புரவுச் செல்கள் விழுங்குகின்றன, ஆனால் அவற்றால் செரிக்க முடிவதில்லை. அந்த எரிச்சலில் எழும் அழற்சி, பக்கத்திலிருக்கும் நல்ல எலும்பையே அரிக்கத் தூண்டுகிறது. மூட்டு தளர்ந்து மறு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. இளம் வயதில் மூட்டு மாற்றியவர்களுக்கு இது பெரிய சுமை.

பிரான்ஸின் போ நகரத்து மருத்துவர் பியர் பூத்தான் 1970இல் பந்து, கிண்ணம் இரண்டையுமே அலுமினாவில் செய்து பொருத்தினார். அலுமினா என்பது அலுமினியம் ஆக்சைடு. மாணிக்கமும் நீலக்கல்லும் இதே சேர்மத்தின் படிகங்கள்தாம். மிகக் கடினமானது என்பதால் கண்ணாடி போல் மெருகேற்றலாம், எளிதில் கீறல் விழாது. அதன் பரப்பு ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் மூட்டுத் திரவம் படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கிறது. அலுமினாவோடு அலுமினா உரசும் மூட்டில் தேய்மானம் ஆண்டுக்குச் சில மைக்ரான் அளவிலேயே நிற்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

செராமிக்கின் பலவீனம் உடையும் தன்மை. உலோகம் அளவுக்கு மீறிய சுமையில் வளைந்துகொடுக்கும். செராமிக் வளையாது, உள்ளிருக்கும் நுண்ணிய குறையொன்றிலிருந்து விரிசல் பிறந்து ஒரே கணத்தில் ஓடிவிடும். தொடக்ககால அலுமினாப் பந்துகள் சில உடம்புக்குள்ளேயே உடைந்தன. அப்படி உடைந்தால் கூரிய சில்லுகள் சுற்றுத் திசுக்களில் சிதறிவிடும். அவற்றை முழுதாக அகற்றாமல் புதிதாக உலோகப் பந்தைப் பொருத்தினால், மிஞ்சிய சில்லுகளே உலோகத்தை ராவித் தள்ளும். அதனால்தான் செராமிக் உடைந்த இடத்தில் பெரும்பாலும் மறுபடியும் செராமிக் பந்தையே வைக்கிறார்கள்.

உற்பத்தியாளர்கள் மூலப்பொடியைத் தூய்மையாக்கினார்கள். செராமிக்கை ஆக்கும் நுண்படிக மணிகளின் அளவை 2 மைக்ரானுக்கும் கீழே கொண்டுவந்தார்கள். உயர் அழுத்தத்தில் சூடாக்கி உள்ளே எஞ்சிய துளைகளை மூடினார்கள். ஒவ்வொரு பந்தையும் தனித்தனியே சுமையேற்றிச் சோதித்த பிறகே பெட்டியில் வைத்தார்கள். உடைவது அரிதாயிற்று. அமெரிக்காவில் செராமிக்கோடு செராமிக் உரசும் இடுப்பு மூட்டுக்கு அனுமதி கிடைத்தது 2003இல்தான். கிண்ணம் சரியான கோணத்தில் அமையாவிட்டால் நடக்கும்போது கீச்சென்ற சத்தம் எழுவதாகச் சில நோயாளிகள் சொன்னதும் பிற்பாடு பதிவாயிற்று. இன்று பல நாடுகளில் செராமிக் பந்தோடு, தேய்மானம் குறைய மேம்படுத்திய பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சேர்ப்பதே பரவலான வழக்கம்.

உலை மாறியது, பந்து உடைந்தது

அலுமினாவைவிட வலுவான பொருளாக வந்தது சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு. 1975இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ரான் கார்வியும் அவரது சகாக்களும் அதன் அபூர்வ குணத்தை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சிர்கோனியாவின் படிக அமைப்பு வெப்பத்தைப் பொறுத்து மாறும். உயர்வெப்ப அமைப்பை இட்ரியா போன்ற பொருளைச் சேர்த்து அறை வெப்பத்திலும் நிலைநிறுத்தலாம். அப்படி நிறுத்திய சிர்கோனியாவில் விரிசல் ஓடத் தொடங்கினால், விரிசல் முனையிலுள்ள மணிகள் தாழ்வெப்ப அமைப்புக்குத் தாவுகின்றன. தாவும்போது சுமார் 4 சதவீதம் பருக்கின்றன. அந்தப் பருமன் விரிசலை இருபுறமும் நெருக்கி நிறுத்திவிடுகிறது.

1980களின் நடுவில் சிர்கோனியாப் பந்துகள் இடுப்பு மூட்டுக்கு வந்தன. ஆனால் தாவும் குணமே அதற்கு வினையாகவும் ஆனது. ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால், விரிசல் இல்லாமலேயே மேற்பரப்பு மணிகள் மெல்ல மெல்லத் தாவி, பரப்பு சொரசொரப்பாகும். நீராவியில் மறுபடி கிருமிநீக்கம் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கை 1990களிலேயே வந்தது. பெரிய அடி 2001இல் விழுந்தது. பிரான்ஸைச் சேர்ந்த முன்னணித் தயாரிப்பாளர் ஒருவர் 1998 வாக்கில் சுடும் முறையை மாற்றியிருந்தார். தொகுதி தொகுதியாகச் சுட்ட உலைக்குப் பதில், பந்துகள் தொடர்ச்சியாக நகர்ந்து செல்லும் சுரங்க உலை வந்தது. அந்த உலையில் சுட்ட சில தொகுதிகளைச் சேர்ந்த பந்துகள் நோயாளிகளின் உடம்பில் குறுகிய காலத்தில் அடுத்தடுத்து உடைந்தன. எண்ணிக்கை சுமார் 400 வரை போயிற்று. தயாரிப்பு திரும்பப் பெறப்பட்டது. பொருளின் பெயர், வேதிக்கூட்டு, வடிவம் எதுவும் மாறவில்லை. உலை ஒன்று மாறியதே இத்தனைக்கும் காரணமானது.

இரண்டின் பலத்தையும் சேர்க்கும் கலப்புச் செராமிக் பிறகு வந்தது. ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு அலுமினா, அதற்குள் நுண்ணிய சிர்கோனியா மணிகள். அலுமினாவின் கடினமும் சிர்கோனியாவின் விரிசல் தடுப்பும் ஒன்றாக வேலை செய்கின்றன. சிறிதளவு சேரும் குரோமியம் ஆக்சைடால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அறுவை அரங்கில் இன்று பலரும் பார்க்கும் ‘பிங்க் செராமிக்’ பந்து இதுதான்.

சிர்கோனியா பல் மருத்துவத்தில் கொடிகட்டிப் பறக்கிறது. வேர் சிகிச்சை முடிந்ததும் கேப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்ல, மெட்டல் செராமிக்கா சிர்கோனியாவா என்ற கேள்வி இன்று சிறு நகரத்துக் கிளினிக்குகளிலும் எழுகிறது. அந்தக் கேப் உருவாகும் டென்டல் லேபில் நடப்பது சுவையானது. பாதி சுட்ட நிலையில் வரும் வெள்ளை வட்டு சாக்பீஸ் போல மெத்தென்றிருக்கும். பல்லின் ஸ்கேன் படத்தைப் பார்த்துக் கணினி இயக்கும் கருவி அதைப் பல் வடிவத்தில் கடைகிறது, ஆனால் தேவையான அளவைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாக. பிறகு சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுடும்போது துளைகள் மூடிக்கொள்ள, கேப் அந்த அளவுக்குச் சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து நிற்கும். சுட்டு முடித்த பிறகு அதைத் தேய்க்க வைரத்தூள் பதித்த கருவிதான் வேண்டும்.

முழங்காலிலும் சிர்கோனியா வேறு வேடத்தில் இருக்கிறது. சிர்கோனியம் உலோகக் கலவையைக் காற்றில் சூடாக்கினால் மேற்பரப்பில் சில மைக்ரான் தடிமனில் கருப்பான செராமிக் அடுக்கு உண்டாகும். உள்ளே உலோகத்தின் உறுதி, வெளியே செராமிக்கின் வழவழப்பு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் உள்வைப்புகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தபோது, இதைத் தனி வகையில் சேர்த்தே பட்டியல் வெளியிட்டது.

ஒட்ட வேண்டிய இடம்

ஹென்ச்சின் கண்ணாடிக்கு 45எஸ்5 என்று பெயர். எடையில் 45 சதவீதம் சிலிகா, சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5 சதவீதம், பாஸ்பரஸ் ஆக்சைடு 6 சதவீதம். சன்னல் கண்ணாடியில் சிலிகா 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும். சிலிகா குறைந்து சோடியமும் கால்சியமும் கூடியதால், இந்தக் கண்ணாடி உடம்பின் திரவத்தில் சும்மா கிடக்காது.

திரவம் பட்டதும் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடியம் வெளியேறுகிறது. மேற்பரப்பில் சிலிகா நிறைந்த வழுவழுப்பான படலம் உண்டாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் வந்து படிகின்றன. சில மணி நேரத்தில் அந்தப் படிவு படிகமாகி, எலும்பின் தாதுவை ஒத்த அடுக்காக மாறுகிறது. எலும்பு செல்களுக்கும் கொலாஜன் இழைகளுக்கும் அது பழகிய பரப்பு. அவை அதில் பற்றிப் படர்கின்றன. இடையில் நார்த்திசு உறை உருவாகவே இடமில்லை. எலியின் எலும்பில் கிரீன்லீ தட்டியும் கண்ணாடியை அசையவிடாமல் பிடித்துவைத்தது இந்தப் பிணைப்புதான்.

கண்ணாடி பெரிய சுமையைத் தாங்காது என்பதால் முதல் பயன்பாடு உடம்பின் மிகச் சிறிய எலும்புகளில் அமைந்தது. நோயால் அரித்துப்போன நடுக்காதுச் சிற்றெலும்புகளுக்கு மாற்றாக 1985இல் அமெரிக்காவில் இது அனுமதி பெற்றது. பல் ஈறு நோயால் கரைந்த தாடை எலும்புப் பள்ளங்களை நிரப்பும் தூளாக 1993இல் வந்தது. அதே கண்ணாடியை மிக நுண்ணிய பொடியாக்கிப் பல் கூச்சத்துக்கான சில பற்பசைகளில் சேர்க்கிறார்கள். பல்லில் திறந்துகிடக்கும் நுண்குழாய்களின் மேல் அது தாதுவைப் படியவைத்து மூடுகிறது.

பின்லாந்தின் துர்க்கு நகர ஆராய்ச்சியாளர்கள் 53 சதவீதம் சிலிகா கொண்ட வேறொரு கண்ணாடியை உருவாக்கினார்கள். எலும்புக்குள் சீழ் வைத்து, ஆண்டுக்கணக்கில் ஆறாமல் நோயாளியை வதைக்கும் எலும்புத் தொற்றுக்கு அது பயன்படுகிறது. சீழ் பிடித்த எலும்பைச் சுரண்டி எடுத்தபின் எஞ்சும் பள்ளத்தில் கண்ணாடி மணிகளை நிரப்புகிறார்கள். அவற்றிலிருந்து வெளியேறும் அயனிகள் சுற்றியுள்ள காரத்தன்மையை உயர்த்துவதால் பாக்டீரியாக்கள் வாழ முடிவதில்லை. பள்ளத்தில் மெல்ல எலும்பும் வளர்கிறது.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தடாஷி கொகுபோ 1982இல் கண்ணாடியையே பகுதி படிகமாக்கி, வலுவும் எலும்போடு ஒட்டும் குணமும் சேர்ந்த செராமிக் ஒன்றை உருவாக்கினார். முதுகெலும்பு போலச் சுமை தாங்கும் இடங்களுக்கும் அது போயிற்று. அவர் தந்த இன்னொரு கொடை, மனித இரத்தப் பிளாஸ்மாவின் அயனி அளவுகளை ஒத்த செயற்கைத் திரவம். ஒரு புதிய பொருள் எலும்போடு ஒட்டுமா என்பதை விலங்குக்குள் வைக்கும் முன் அந்தத் திரவத்தில் ஊறப்போட்டு முதல் கட்டமாகப் பார்க்கலாம். அது இன்று சர்வதேசத் தர நிர்ணயச் சோதனை.

பெரிய மூட்டுகளுக்கு வேறு வழி கிடைத்தது. சுமையை டைட்டானியம் தாங்கட்டும், அதன் தோலில் மட்டும் செராமிக் இருக்கட்டும் என்ற யோசனை அது. பிளாஸ்மா தெளிப்பில் பல்லாயிரம் டிகிரி வெப்பமுள்ள வாயுத் தாரை ஹைட்ராக்சிஅபடைட் பொடியை உருக்கி உலோகத் தண்டின்மேல் வீசுகிறது. 1985இல் லண்டன் மருத்துவர் ரொனால்ட் ஃபர்லாங் இப்படிப் பூசிய இடுப்பு மூட்டைப் பொருத்தினார். எலும்பு சிமென்ட் இல்லாமலேயே தொடை எலும்பு அந்தத் தண்டை இறுகப் பற்றிக்கொண்டது.

கரைய வேண்டிய இடம்

விபத்தில் சிதைந்த கால், கட்டியை அகற்றிய இடம், பிறவியிலேயே குறைபட்ட தாடை என எலும்பு காணாமல் போன பள்ளங்கள் மருத்துவருக்கு அன்றாடச் சவால். இன்றும் முதல் தேர்வு, நோயாளியின் இடுப்பு எலும்பு விளிம்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து வைப்பதுதான். சொந்த எலும்பில் உயிருள்ள செல்களும் உண்டு, வளர்ச்சித் தூண்டிகளும் உண்டு. ஆனால் எடுத்த இடத்தில் இரண்டாவது காயம். சிலருக்கு அடிபட்ட இடத்தைவிட எடுத்த இடத்தின் வலியே நீண்ட நாள் நீடிக்கும். குழந்தைகளிடம் எடுக்க அதிகம் கிடைக்காது.

பள்ளத்தை வேறு பொருளால் நிரப்பும் முயற்சி பழையது. 1892இல் ஜெர்மனி மருத்துவர் டிரெஸ்மன் பாரிஸ் சாந்தை எலும்புக் குழிகளில் இட்டு நிரப்பினார். உடைந்த கையைச் சுற்றி மாவுக்கட்டாகப் போடும் அதே பொருள். சில வாரங்களில் அது கரைந்துவிடும். எலும்பு வளர அதைவிட அதிக காலம் வேண்டும். 1920இல் நியூயார்க் மருத்துவர் ஃபிரெட் ஆல்பி முயல்களின் எலும்பில் கால்சியம் பாஸ்பேட்டை இட்டு, எலும்பு சேர்வது விரைவுபடுவதாக எழுதினார். கால்சியம் பாஸ்பேட் வகைகள் மருத்துவமனைக்குள் முறையாக வர அதற்குப்பின் அரை நூற்றாண்டு ஆயிற்று.

கரையும் வேகம்தான் இங்கே சாவி. பாரிஸ் சாந்து வாரங்களில் கரையும். டிரைகால்சியம் பாஸ்பேட் மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகளில். அடர்த்தியாகச் சுட்ட ஹைட்ராக்சிஅபடைட் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். சீக்கிரம் கரைந்தால் பள்ளம் காலியாகும், கரையாமல் நின்றால் புதிய எலும்புக்கு இடமிருக்காது. ஹைட்ராக்சிஅபடைட்டையும் டிரைகால்சியம் பாஸ்பேட்டையும் 60க்கு 40 போன்ற விகிதங்களில் கலந்து, இடத்துக்கேற்ற வேகத்தைப் பெறும் இருநிலைச் செராமிக் அப்படித்தான் பிறந்தது.

1980களில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வால்டர் பிரவுனும் லாரன்ஸ் சௌவும் இன்னொரு கதவைத் திறந்தார்கள். இரண்டு கால்சியம் பாஸ்பேட் பொடிகளைத் தண்ணீரில் குழைத்தால் உடல் வெப்பத்திலேயே இறுகி ஹைட்ராக்சிஅபடைட்டாக மாறும் பசை அது. மூட்டு அறுவையில் புழங்கும் அக்ரிலிக் எலும்பு சிமென்ட் இறுகும்போது சூடாகும், இது அப்படிச் சூடாவதில்லை. ஊசிக்குழாயில் அடைத்து ஒழுங்கற்ற பள்ளத்திலும் செலுத்தலாம். மண்டையோட்டுக் குறைகளை நிரப்ப 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பவளமும் பிரம்பும் முட்டை ஓடும்

பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே துளைகளும் சரியாக இருக்க வேண்டும். இரத்தக் குழாய் நுழைய முடியாத இடத்தில் எலும்பு வளராது. குறைந்தது 100 மைக்ரான் அகலமாவது இருந்து, ஒன்றோடொன்று இணைந்த துளைகளே எலும்பை உள்ளே இழுக்கும். இப்படியொரு வலையைச் செயற்கையாகச் செய்வது கடினம். கடலில் அது தயாராகவே இருந்தது.

1974இல் பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தின் டெல்லா ராய், பவளத்தின் கால்சியம் கார்பனேட் கூட்டை அழுத்தமும் வெப்பமும் கொடுத்து பாஸ்பேட் கரைசலில் வைத்து, துளைகள் கொஞ்சமும் சிதையாமல் ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றிக்காட்டினார். எலும்புப் பள்ளங்களை நிரப்பவும், கண்ணை இழந்தவர்களின் குழியில் வைக்கும் உருண்டைக்கும் அது பயன்பட்டது. கண் தசைகளை அந்த உருண்டையோடு இணைத்துத் தைக்க, துளைகளுக்குள் இரத்தக் குழாய்கள் வளர, மேலே பொருத்தும் செயற்கைக் கண்ணும் பார்வைத் திசைக்கேற்ப அசைந்தது.

இத்தாலியின் ஃபயன்சா, பல நூற்றாண்டுகளாக மட்பாண்டக் கலைக்குப் பேர்போன ஊர். அங்குள்ள செராமிக் ஆராய்ச்சி நிறுவனத்தில் அன்னா தம்பியேரி குழுவினர் மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், குறிப்பாகப் பிரம்பை. பிரம்பின் நீண்ட குழாய்கள் எலும்பின் குழாய் அமைப்பை ஒத்தவை. பிரம்பைக் காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கி, கால்சியம் ஆவியைச் செலுத்தி, பிறகு ஆக்சிஜனேற்றி, கார்பனேட்டாக்கி, கடைசியில் பாஸ்பேட் சேர்த்தார்கள். நாற்காலி பின்னும் பிரம்பு, வடிவம் மாறாமல் எலும்புத் தாதுவானது. 2009இல் அவர்கள் முறையை வெளியிட்டார்கள். செம்மறி ஆடுகளின் எலும்பில் வைத்தபோது புதிய எலும்பு அதற்குள் வளர்ந்தது.

இந்தியாவில் பவளப்பாறைகளுக்கு 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவில் பவளத்தை எடுப்பது குற்றம், அப்படியே இருக்கவும் வேண்டும். முட்டை ஓட்டுக்கு அந்தத் தடையில்லை. அதில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி.எஸ். சம்பத்குமாரும் குழுவினரும் முட்டை ஓட்டைச் சுட்டு, பாஸ்பேட்டோடு சேர்த்து, மைக்ரோவேவ் முறையில் நானோ அளவு ஹைட்ராக்சிஅபடைட் தயாரித்து 2007இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லை வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இது வெறும் ஆய்வகச் செய்தியாக நின்றுவிடக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையம், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி மற்றும் செராமிக் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவையும் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் உழைக்கின்றன. அறிவு இங்கே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பிறப்பது அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவுவரை வந்துசேர, நீண்டகாலச் சோதனைக்கும் தரமான உற்பத்திக்கும் தொடர்ந்து பணம் ஒதுக்கியாக வேண்டும்.

செல்களைச் சுமக்கும் சாரம்

2001இல் இத்தாலிய, ரஷ்ய மருத்துவர்கள் குழு ஒன்று மூன்று நோயாளிகளின் கதையை ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதியது. கை, கால் நீள எலும்புகளில் பல சென்டிமீட்டர் இடைவெளி விழுந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய எலும்பு மஜ்ஜை செல்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, துளைகள் கொண்ட ஹைட்ராக்சிஅபடைட் உருளையில் ஏற்றி, இடைவெளியில் பொருத்தினார்கள். எலும்பு சேர்ந்தது, கைகால்கள் இயங்கின. ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகும் பலன் நிலைத்தது. ஆனால் செராமிக் உருளை கரையாமல் அப்படியே இருந்ததையும் எக்ஸ்ரே காட்டியது. அடுத்து வந்தவர்கள் கரையும் பொருளை நோக்கித் திரும்ப இதுவும் ஒரு காரணம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு இடம்மாறிய ஹென்ச், அங்கே ஜூலியா போலக்குடன் இணைந்தார். இதயமும் நுரையீரலும் மாற்றி வைக்கப்பட்டு உயிர் பிழைத்த நோய்க்குறியியல் விஞ்ஞானி அவர். கண்ணாடியிலிருந்து கரைந்து வரும் சிலிகானும் கால்சியமும் எலும்பு செல்களின் மரபணுக்களையே தூண்டுவதை அவர்களுடைய குழு காட்டியது. இடத்தை அடைக்கும் பொருளாகத் தொடங்கிய செராமிக், செல்களுக்கு வேலை சொல்லும் பொருளாகிவிட்டது.

எல்லைகளும் உண்டு. நடக்கும்போது உடல் எடையைப் போல் பல மடங்கு சுமை ஏறும் தொடை எலும்பின் நடுவே, துளைகள் நிறைந்த செராமிக்கைத் தனியாக நிறுத்த முடியாது. பிளேட்டோ ராடோ துணைக்கு இருந்தே ஆக வேண்டும். முப்பரிமாண அச்சில் நோயாளியின் சி.டி. ஸ்கேனுக்குப் பொருந்தும் வடிவத்தில் செராமிக் சாரம் செய்ய முடிகிறது. ஆனால் துளை கூடினால் வலு குறையும் என்ற கணக்கை எந்த அச்சு இயந்திரமும் மாற்றிவிடவில்லை.

நோயாளி கேட்க வேண்டியவை

“செராமிக் போடுறோம்” என்று மருத்துவர் சொன்னால், எந்தச் செராமிக் என்று கேட்பது நோயாளியின் உரிமை. இடுப்பு மூட்டென்றால் பந்து எது, கிண்ணம் எது என்று கேட்கலாம். எலும்புப் பள்ளத்தை நிரப்பும் துகளென்றால் அது கரையும் வகையா, நிற்கும் வகையா, எவ்வளவு காலத்தில் கரையும், எப்போது சுமை ஏற்றலாம் என்று கேட்கலாம். சொந்த எலும்பை எடுத்து வைப்பதே நல்லது என்று மருத்துவர் சொன்னால் அதற்கும் காரணம் இருக்கும். விலை கூடிய பொருள் எல்லா இடத்துக்கும் பொருந்தும் பொருளாகாது.

உள்வைப்பின் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், மாடல், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். அறுவை முடிந்ததும் மருத்துவமனை அதில் ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டும். 2001இல் எந்தப் பந்து ஆபத்தான உலையில் சுடப்பட்டது என்பதைப் பிரித்தறிய உதவியது தொகுதி எண்தான். மருத்துவக் கருவிகளால் நேரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய இந்தியாவில் 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் நடக்கிறது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. மருத்துவமனைகள் மட்டுமின்றி நோயாளிகளும் அதில் புகார் தரலாம். தொகுதி எண் இல்லாத புகாரை வைத்து எந்தத் தொகுதியையும் திரும்பப் பெற முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போதே அந்த ஸ்டிக்கரின் நகலையும் கேட்டு வாங்கி, எக்ஸ்ரே படங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும். பத்து, இருபது ஆண்டுகள் கழித்து மூட்டில் வலி வந்தால், புதிய மருத்துவர் முதலில் தேடப்போவது அந்த விவரத்தைத்தான்.